சேர்வராயன் மலையில் ஒரு பகல்

மலைவாசம் என்பது நம் நாட்டில் வெகுகாலம் துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் அனுபவித்த சுகமாகவே இருந்து வந்தது. 1870-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை ராஜதானியின் அரசாங்கமே, கோடை பிறந்ததும் தன் தஸ்தாவேஜுகளையும் குமாஸ்தாக்களையும் கூட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்கு ஏறிப்போய், வெயில் தணியும் வரையில் அங்கிருந்தபடியே சமவெளி ஜனங்களை ஆண்டு வந்தது. அந்த வழக்கம் மறைந்து, மலைக்குப் போகும் பாக்கியம் சாமானியர்களுக்கும் கிட்டிய பிறகு, மலைக்குப் போய்ச் சேர்வதற்கு நாம் கற்றுக்கொண்டோமே தவிர, அங்கே பொழுதைக் கழிப்பதற்குக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். விடியற்காலையில் வந்து இறங்கி, பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரம் நின்றுவிட்டு, இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுகிறோம். கையில் பணம் குறைவு, ஆகவே பொழுதும் குறைவு என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அது சரியல்ல என்றும், சிக்கனமாகப் போகிறவனுக்கே மலையில் சாவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது என்றும், ஏற்காட்டில் என் குடும்பத்தாரோடு கழித்த ஒரு பகலிலிருந்து நான் அறிந்துகொண்டேன்.

அந்நாளில் நான் காவேரிக் கரையில் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்து, விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்த பின் மார்கழி மாதத்தில் கிடைக்கும் விடுமுறையில், என் தாயார், மனைவி, மகன், மகள் ஆகியோரை அழைத்துக்கொண்டு ஒரு மலைக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை பல வருஷங்களாக மனத்தில் இருந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்தபோது, சேலத்தில் பல காலம் வேலை பார்த்த சக ஆசிரியர் ஒருவர்தாம் ஏற்காட்டின் பெயரைச் சொன்னார். உதகையும் கொடைக்கானலும் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருப்பவை. ஏற்காடோ 5,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பது. இந்த 2,000 அடி வித்தியாசத்தில்தான் ஏழைக் குடும்பத்தின் அனுகூலம் அடங்கியிருக்கிறது என்று அவர் விளக்கினார். அங்கே உறைபனி விழுவதில்லை. ஆகவே கம்பளிச் சட்டைகளுக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஊரில் போர்த்திக்கொள்ளும் துப்பட்டியும் ஒரு சால்வையும் போதும். சேலத்திலிருந்து சுமார் 20 மைல் தூரந்தான். காலையில் பஸ் ஏறினால் வெயில் உறைப்பதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். தங்குவதற்கும் அவரே ஏற்பாடு செய்து கொடுத்தார்: கடைவீதிக்குப் பின்புறம் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில், சமைத்துக்கொள்ள அடுப்பும், குளிக்க வெந்நீர்த் தவலையும் கொண்ட ஓர் அறை.

அடிவாரம் தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் என் குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். மூங்கில் புதர்கள் பின்தங்கி, நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள் தோன்றத் தொடங்கியபோது, பஸ்ஸுக்குள் வந்து வீசிய காற்றின் குணமே மாறிவிட்டது. பழனி மலையைத் தவிர வேறு மலை ஏறி அறியாத என் தாயார், முந்தானையைத் தலைவரையில் இழுத்துப் போர்த்துக்கொண்டு, "இது என்ன தம்பி, மார்கழியிலே மழை பெஞ்ச மாதிரி ஈரக் காத்து!" என்று ஆச்சரியப்பட்டார்.

முதலில் எல்லோரையும் போல நாங்களும் போக வேண்டிய இடங்களுக்குப் போனோம். மலையின் உச்சியில், 5,300 அடிக்கு மேலான உயரத்தில், குகையையே கர்ப்பக்கிருகமாகக் கொண்டு எழுந்தருளியிருக்கும் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் தரிசித்தோம். அந்தக் குகை உள்ளே நீண்டு போய்க் காவேரி நதியைத் தொடுகிறது என்று மலை ஜனங்கள் நம்புகிறார்கள். காவேரிக் கரையிலிருந்து வந்த என் தாயாருக்கு அந்த நம்பிக்கை மிகவும் பிடித்துப்போய்விட்டது. கோயிலைச் சுற்றிப் புல் படர்ந்த அந்த மேட்டு நிலத்தின் விஸ்தாரத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாளைப் பற்றி.

மறுநாள் காலையில் நான் எழுந்து, அன்றைக்குப் போக வேண்டிய இடங்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கிள்ளியூர் நீர்வீழ்ச்சி ஒரு பக்கம், பகோடா முனை வேறொரு பக்கம், கரடிக் குகை மற்றொரு பக்கம். வாடகைக் கார் எடுத்தால் எல்லாவற்றையும் மாலைக்குள் முடித்துவிடலாம்; ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கிவிடலாம். இந்தக் கணக்கை நான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்ட என் தாயார், காப்பி வடிகட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னைக்கு எங்கேயும் போக வேண்டாம் தம்பி. அகல உழறதைவிட ஆழ உழுன்னு சொல்லுவாங்க. இந்த ஊர்லே சும்மா இருந்துதான் பார்ப்போமே" என்றார். சும்மா இருப்பதென்பது தாயுமானவ சுவாமிகளைப் போன்ற ஞானிகள் இறைவனிடம் வேண்டிப் பெற்ற நிலை; எங்களுக்கு அது ஒரு தாயின் ஆக்ஞையால் மிகச் சுலபமாகக் கிடைத்தது.

அப்படித்தான் அந்தப் பகல் ஆரம்பமாயிற்று. வாசல் கதவைத் திறந்தபோது எதிரே தெரு இருக்கவில்லை. வெண்மையான மூடுபனி ஒன்றுதான் இருந்தது. அதற்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி ஒன்றின் குரலும், யாரோ விறகு பிளக்கும் சப்தமும், மரங்களின் இலை நுனிகளிலிருந்து ஓட்டின் மேல் சொட்டும் பனித்துளிகளின் ஓசையும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தன. வீட்டுக்கார அம்மாள் எங்களுக்கு எரிக்கக் கொடுத்திருந்த விறகு, காப்பித் தோட்டத்தில் கழித்துப்போட்ட காப்பிச் செடிக் கட்டைகள். மெலிந்த கட்டைகளானாலும் அவை நின்று எரிந்து நல்ல தணல் கொடுத்தன. காப்பிக் கட்டையை எரித்துக் காப்பி போடும் விநோதத்தை என் மனைவி பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி மெல்லக் கலைந்தபின் ஏரிக்கரைக்கு நடந்தோம். ஊரின் நடுவே, சுற்றிலும் மரங்கள் அடர்ந்த கரைகளுக்கு இடையே கிடக்கும் அந்த ஏரி பெரியதல்ல; சாவகாசமாக நடப்பவன்கூடச் சீக்கிரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் நாங்கள் சுற்றி வரவில்லை. கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தோம், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நீரின் மேல் மிதந்துகொண்டிருந்த ஒரு முக்குளிப்பான் குருவி திடீரென்று தலைகீழாய் முழுகி மறைவதும், நாம் எதிர்பார்க்கும் இடத்தில் எழாமல் வேறெங்கோ போய் எழுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. அது எங்கே எழும் என்று என் மகனும் மகளும் பந்தயம் கட்டினார்கள். மூழ்கின இடத்தில் நீர் வட்டமாக விரிந்து, அந்த வட்டம் கரையை வந்து தொடுவதற்கு முன் குருவி மேலே வருகிறதா, தொட்டபின் வருகிறதா என்று கவனிக்கும்படி சொன்னேன். அவ்வளவுதான், அதன் பிறகு அவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிஷ நேரம் ஒரு பொருளில் மனத்தை நிறுத்த முடியாத குழந்தைகள், பைசாச் செலவில்லாத ஒரு குருவியின் விளையாட்டில் காலை நேரத்தையே கொடுத்துவிட்டதைக் கண்டு, ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் ஆழ்ந்து யோசித்தேன்.

ஏரியிலிருந்து திரும்பும் வழியில், பழமையான பரிசுத்த திரித்துவ தேவாலயத்தின் பக்கமாக நடந்து வந்தோம். ஏற்காடு என்றதும் காப்பியும் குளிரும் மட்டும் ஞாபகம் வருகிறவர்களுக்கு, இந்த ஊருக்கும் தமிழுக்கும் உள்ள ஒரு சம்பந்தத்தை இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாதிரியாராக இருந்து, ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல், பிற்காலத்தில் சென்னை மாகாணக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். 1855-இல் 'தினவர்த்தமானி' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கியவரும், நம் பாட்டிமார் வாயிலிருந்த பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஒரே நூலாக அச்சிட்டவரும் அவரே. அந்தப் பெரியவர் 1882-இல் காலமானது இந்த ஏற்காட்டில்தான். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதர் வாழ்ந்ததற்குச் சாட்சியம் கொடுத்த பூகர்ப்ப சாஸ்திரி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவரும் ஏற்காட்டிலேயே வீடு கொண்டு வாழ்ந்தார். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறந்துபோன அவருடைய அஸ்தியும் இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

இதையெல்லாம் என் தாயாருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நடையை நிறுத்தி, "நாம பேசற பேச்சையெல்லாம் ஒரு வெள்ளைக்காரர் உக்காந்து எழுதி வச்சாரா?" என்று கேட்டார். காலையில் அவர் சொன்ன பழமொழி போன்றவற்றைத்தான் பெர்சிவல் எழுதிவைத்தார் என்றேன். என் தாயார் தேவாலயத்தின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே நடந்தார். கார் ஏறிப் போயிருந்தால் அந்தக் கும்பிடு நிகழ்ந்திராது.

உச்சிப்பொழுது நெருங்கும் நேரத்தில், ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாகப் போகும் வண்டிப் பாதையில் திரும்பினோம். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நீலகிரியில் தேயிலை பயிராகும் சரிவுகள் அநேகமாகத் திறந்தவெளிகள். பார்வைக்குப் பச்சைக் கம்பளமாக அழகாயிருப்பினும், அங்கே நடப்பவன் வெயிலில்தான் நடக்க வேண்டும். காப்பிச் செடியோ நிழல் தேடும் ஜாதி. அராபிகா என்னும் உயர்ந்த ரகத்துக்கு நேர் வெயில் ஆகாது. ஆகவே தோட்டக்காரர்கள் சில்வர் ஓக், பலா முதலிய மரங்களை வளர்த்து, அவற்றின் நிழலில் செடிகளை வைத்து, அந்த மரங்களின் மேலேயே மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் காப்பி மலையில் கால்நடையாகப் போகிறவன் எத்தனை மைல் நடந்தாலும் மரநிழலிலேயே நடக்கிறான். நடந்தே மலையைப் பார்க்க நேரும் சிக்கனக்காரனுக்கு இதைவிட உகந்த மலை எது?

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர், 1820 முதல் 1829 வரையில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர். அவர் நட்ட சில செடிகளிலிருந்து பெருகி, ஒன்றரை நூற்றாண்டுக்குள் மலையின் முகத்தையே மாற்றிவிட்ட அந்தப் பயிரை, நாங்கள் போன சமயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும் அதிர்ஷ்டம் வாய்த்தது. மார்கழி மாதம் பழம் பறிக்கும் பருவம். கரும்பச்சை இலைகளுக்கு இடையே, கிளைகளின் கணுதோறும் கொத்துக் கொத்தாக, இலந்தைப்பழப் பருமனில் செக்கச்செவேலென்று பழங்கள் ஒட்டியிருந்தன. அதே கொத்தில் சில பழங்கள் பச்சையாகவும் சில மஞ்சளாகவும் இருந்தன. பழுத்ததை மட்டும் பறித்து, காயை மறுமுறைக்கு விட்டுவைக்க வேண்டும். ஆகவே ஒரே செடிக்குப் பறிக்கும் பெண்கள் பலமுறை திரும்பி வரவேண்டியிருக்கிறது. இடுப்பில் கட்டிய சாக்குப் பையோடு, ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்து, மறு கையின் விரல்களால் கண் பார்க்கும் வேகத்துக்கு முந்திப் பழத்தை மட்டும் உருவி எடுக்கும் அவர்களுடைய சாமர்த்தியத்தை நின்று பார்த்தோம்.

அவர்களில் சிலர் இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிகள். கேரள நாட்டாரோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை, தமிழே பேசுபவர்கள். காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்கள், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகவும், அவர்களுடைய சந்ததியே தாங்கள் என்றும் இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. மேஸ்திரியின் அனுமதியோடு நாங்கள் உள்ளே போனபோது, வயது முதிர்ந்த ஒரு பெண் இரண்டு பழங்களைப் பறித்து என் தாயாரிடம் நீட்டி, "தின்னு பாருங்கம்மா, இனிக்கும்" என்றாள். என் தாயார் பழத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தியதும், சிவந்த தோல் பிளந்து, வழவழப்பான பசையில் தோய்ந்த இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு அவருடைய உள்ளங்கையில் விழுந்தன. தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் கீறலோடு, அவை வெளிர்நிறமாக இருந்தன. நாக்கில் வைத்தபோது மெல்லிய தித்திப்பு ஒன்று இருந்தது. காப்பியின் வாசனையோ கசப்போ மருந்துக்குக்கூட இல்லை. "நாற்பது வருஷமா குடிக்கிறேன், இது பழம்னே எனக்குத் தெரியாதே!" என்றார் என் தாயார்.

அந்தப் பெண்ணும் என் தாயாரும் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். என் தாயாரின் சிறுபிராயத்தில் அவர்கள் வீட்டில் காலையில் நீராகாரந்தான். காப்பி குடிப்பது பட்டணத்துக்காரர்களின் கெட்ட பழக்கம் என்று என் பாட்டனார் வெகுகாலம் அதை வீட்டுக்குள் விடவில்லையாம். கல்யாணமாகி வந்த பிறகுதான் மாமியார் வீட்டில் அந்த ருசி பழகியதாம். அந்தப் பெண் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தங்கள் வீட்டில் இன்றைக்கும் காலையில் கேழ்வரகுதான் என்றாள். மத்தியானத்துக்கு அவள் கொண்டுவந்திருந்ததும் கேழ்வரகுக் களியும் ஒரு கீரைக் குழம்புமே. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரையில் சரிவில் நின்று பறிக்கும் பழத்தை எடை போட்டுத்தான் கூலி என்றும், சாரல் பிடித்துக்கொண்டால் கூலி குறையும் என்றும் சொன்னாள். நம் வீடுகளில் காலைப்பொழுது புலர்வதற்கு அடையாளமாகிவிட்ட ஒரு பானத்துக்குப் பின்னால் இந்த விரல்கள் இருப்பதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. அந்தக் கைகளை அருகில் பார்த்தேன். பழத்தின் பசையும் மண்ணும் ஏறி, விரல் நுனிகள் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன.

மேஸ்திரி எங்களைக் களத்துக்கும் அழைத்துப்போனார். பழங்களை இயந்திரத்தில் கொடுத்துத் தோலை நீக்கி, கொட்டையில் ஒட்டியுள்ள பசை கரையும் வண்ணம் ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு நல்ல நீரில் கழுவிக் களத்தில் பரப்பியிருந்தார்கள். ஒருவர் பலகை கட்டிய கோலால் அதைக் கிண்டிக் கிண்டி விட்டுக்கொண்டே இருந்தார். வெயில் எல்லாப் பக்கமும் சமமாகப் படவேண்டும், மாலையில் பனி இறங்குவதற்கு முன் குவித்து மூடிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படிக் காய்ந்து, கொட்டையைச் சுற்றி உலர்ந்த உள்தோலோடு அது மூட்டையில் ஏறி மலையிறங்குகிறது. பச்சைக் கொட்டைக்கு நாம் அறிந்த நிறமும் மணமும் வறுக்கும்போதுதான் வருகின்றன. என் மகள் களத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, கீறல் உள்ள பக்கம் மேலாகவும் கீழாகவும் கொட்டைகளை மாற்றி மாற்றி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பலகைக் கோல் அருகில் வந்தபோது அந்த மனிதர் அவளுடைய கோலத்தைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

காலையில் கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தையும் துவையலையும் மரநிழலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். வழியில் ஒரு கிழவியிடம் வாங்கிய கமலா ஆரஞ்சுப் பழங்களே அன்றைக்கு நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய முதல் வஸ்து. அறைக்குத் திரும்பி, உண்ட களைப்பில் எல்லோரும் படுத்து உறங்கினோம். விடுமுறையில் படித்துவிடலாம் என்று நான் சுமந்துகொண்டு வந்த கனத்த புத்தகம் பெட்டியிலேயே இருந்தது. பட்டப்பகலில் துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு உறங்கும் சுகம் எப்படிப்பட்டது என்பது, காவேரிப் பிரதேசத்தின் புழுக்கத்தில் விசிறியோடு பகலைக் கழிப்பவர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே விளங்கும்.

மாலையில், ஊரின் தென்மேற்கு விளிம்பில் 'லேடீஸ் சீட்' என்று வழங்கும் பாறை முனைக்கு நடந்து போனோம். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. காலடியில், நாங்கள் ஏறிவந்த பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது; அதற்கப்பால் சேலம் நகரமும், மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லை வெட்டியெடுத்த சுரங்கங்களின் வெண்மேடுகளும், இன்னும் அப்பால் இரும்புத் தாதுவுக்கும் சித்தர் கோயிலுக்கும் பேர்போன கஞ்சமலையும் தெரிகின்றன. வானம் நிர்மலமாக உள்ள நாளில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் விளிம்பும் தெரியும் என்றார்கள். அன்று மேற்கே புகை படர்ந்திருந்ததால் அது எங்களுக்குப் புலப்படவில்லை. சூரியன் மறைந்த சற்று நேரத்துக்கெல்லாம் கீழே ஒரு விளக்கு ஏற்றப்பட்டது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாகத் தெருக்கள், அதன் பின் நகரம் முழுவதும். என் மகன் ரயில் நிலையம் எது, பஸ் நிலையம் எது என்று தேடிக் கண்டுபிடிக்க முயன்றான். மோட்டார் வண்டிகளில் வந்து இறங்கியவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குளிருகிறதென்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்கள். எங்களுக்கு அவசரமில்லை, மறுநாளும் நாங்கள் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். முழு இருட்டு வரும் வரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைவீதி விளக்குகளைக் குறிவைத்து நடந்தோம். அன்றிரவு என் மனைவி, அந்த மலையிலேயே விளைந்த மிளகைத் தட்டிப்போட்டு வைத்த ரசத்தின் ருசி இன்னமும் நாக்கில் நிற்கிறது.

படுப்பதற்கு முன் வழக்கம் போல் செலவுக் கணக்கை எழுதினேன். ஆரஞ்சுப் பழம், பால், கடையில் வாங்கிய ஒரு கட்டுக் கீரை. அறை வாடகையைத் தவிர அந்தப் பகலின் செலவு அவ்வளவுதான். காரில் சுற்றியிருந்தால் மூன்று இடங்களைப் பார்த்திருப்போம். பெர்சிவலைப் பற்றி என் தாயாரிடம் பேசியிருக்க மாட்டேன். காப்பிப் பழத்தை அவர் கையில் பிடித்திருக்க மாட்டார். தோட்டத்துப் பெண்ணோடு ஒரே மரத்தடியில் உட்கார்ந்து, இருவருடைய வாழ்க்கையையும் பற்றிப் பேசியிருக்க மாட்டார். என் தாயார் காலமாகும் வரையில், எந்த ஊருக்குப் போய்வந்தது பற்றிப் பேச்சு எழுந்தாலும், சேர்வராயன் கோயிலுக்கு அடுத்தபடியாக அவர் சொல்லுவது அந்தப் பகலைப் பற்றித்தான்.

சிறு வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. குழந்தைகளை மலைக்கு அழைத்துப்போக வசதி வரட்டும் என்று காத்திராதீர்கள். கோடை விழாவும் கூட்டமும் நிறைந்த மே மாதத்தை விட்டுவிட்டு, காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியிலோ, கோடை மழைக்குப் பின் காப்பிப் பூக்கள் மலை முழுவதும் மல்லிகை மணம் பரப்பும் பங்குனி சித்திரையிலோ ஏற்காட்டுக்குப் போங்கள். சமைத்துக்கொள்ள இடமுள்ள ஓர் அறையை எடுங்கள். வயதானவர்களைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். தோட்டங்களுக்குள் அனுமதி கேட்டுக்கொண்டு நுழையுங்கள். பழம் பறிப்பவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். தங்கும் நாட்களில் ஒன்றை எந்த இடத்துக்கும் போகாமல் ஒதுக்கி வையுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாள்தோறும் பஸ் இருக்கிறது.